மேசைக்கு அடியில் ஒரு விமான நிலையம்

மே 22, வியாழன்

இந்த டைரியை மஸ்கட்டுக்குப் போன பிறகுதான் எழுதத் தொடங்குவது என்று வைத்திருந்தேன். மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்தது. முதல் பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரைக்கு விளம்பரம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. இப்போது புதுக்கோட்டையில் அதே வீட்டில், அதே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் ஆறு குடும்பமும் காலையில் வாசலில் நின்று வழியனுப்பின. சாயங்காலம் அதே ஆறு குடும்பமும் அதே வாசலில் நின்று எங்களைப் பார்த்தன. மாலைதான் போடவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். திருச்சி விமான நிலையத்தின் வாசல் கதவிலேயே என் மகன் நித்திலன் ஒரு பாட்டம் அழுதான். ஐந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். பெரிய பெட்டிகளைப் போட்டோம், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினோம். அப்புறம் கைப்பைகளை மெஷினுக்குள் விட்டுப் பார்க்கும் இடம் வந்தது. அவன் கையில் இருந்த பச்சை பஸ்ஸை ட்ரேயில் வைக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பஸ், ஒரு சக்கரம் கிடையாது. அவன் அப்பா மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று திருச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்தது. வைக்க மாட்டேன் என்றான். நான் பிடுங்கி வைத்தேன். பஸ் அந்த ரப்பர் திரைக்குள் போய் மறைந்ததும் அவன் தரையில் படுத்து அலறினான். எழுந்து வந்த வழியே ஓடினான். ஒரு தூணைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தான். பஸ் மறுபக்கம் வந்து கையில் கிடைத்த பிறகும் ஆட்கள் நுழைந்து போகிற அந்தச் சோதனைச் சட்டத்தைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள்.

மூடிவிட்டது என்று சொன்னபோது எனக்கு ஒரு நொடி மூச்சு லேசாக வந்தது. களைப்புதான், வேறொன்றும் இல்லை.

ஜூன் 28-க்குள் அங்கே இறங்காவிட்டால் எங்கள் மூன்று பேரின் விசாவும் செல்லாது. இதை வாங்க அங்கே இருக்கும் என் வீட்டுக்காரருக்கு இரண்டே கால் வருஷம் பிடித்தது. மறுபடி கேட்டால் கம்பெனியில் எங்கள் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

மே 23, வெள்ளி

கேஸ் சிலிண்டரை ஒப்படைத்தாயிற்று. மகள் ஓவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாயிற்று. கட்டிலை மூன்றாம் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. இப்போது எல்லாரும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்க எனக்கு மனசு வரவில்லை. பாயில்தான் படுக்கை.

பக்கத்து வீட்டு சவரிமுத்து அண்ணன் இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். டவுன் பஸ் கண்டக்டர். "டீசல் இல்லாம வண்டி நின்னா பாசஞ்சர் மேல தப்பா தங்கச்சி?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். ஜூன் 19-க்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம்.

"மறுபடி அழுதா?"

"இன்னும் நாலு வாரம் இருக்குல்ல தமயந்தி. பழக்கிப் பாரு."

எதைப் பழக்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஏ.சி. ரிப்பேர் செய்கிற மனிதர். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கும் என்று நம்புகிறவர்.

மே 26, திங்கள்

யோசனைகள் வந்து குவிகின்றன. வேப்பிலை அடிக்கச் சொன்னார்கள். செல்போனில் பொம்மைப் படம் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். இருமல் மருந்து இரண்டு மூடி கொடுத்தால் ஊர் போய்ச் சேரும்வரை தூங்குவான் என்று மூன்றாம் வீட்டுக்காரி சொன்னாள். ஆறு வருஷம் மருந்துக் கடையில் உட்கார்ந்தவளிடம் சொல்கிறாள். குழந்தையைத் தூங்க வைக்க மருந்து கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். போகும்போது அவள் முகம் சரியில்லை.

மே 28, புதன்

வேலையில் இறங்கிவிட்டோம். சாப்பாட்டு மேசை மேல் போர்வையை நான்கு பக்கமும் தொங்க விட்டால் மெஷின். முறுக்குத் தட்டுதான் ட்ரே. தட்டில் கயிறு கட்டி, மறுபக்கத்திலிருந்து ஓவியா இழுப்பாள். வாசலில் இரண்டு நாற்காலி வைத்து, மேலே ஒரு கழியைக் கட்டினால் உள்ளே நுழையும் சட்டம். ஓவியாவுக்கு ஒன்பது வயது. காக்கிச் சட்டை இல்லாததால் என் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, "பெல்ட் கழட்டு, சாக்ஸைக் காட்டு" என்று அதிகாரம் பண்ணுகிறாள்.

நித்திலன் தன் செருப்பை வைத்தான். தண்ணீர்ப் பாட்டிலை வைத்தான். ஒரு உருளைக்கிழங்கைக்கூட வைத்தான். பஸ்ஸை வைக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஓவியா ஜன்னலில் நின்று தன் வகுப்புப் பிள்ளைகள் போவதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போய் மேசைக்கு அடியில் கயிற்றைச் சரிசெய்தாள். அவள் கேட்டிருந்தால் தேவலை.

ஜூன் 4, புதன்

இன்று ஒரு நல்லது நடந்தது.

மதிய டூட்டி முடிந்து சவரிமுத்து அண்ணன் யூனிபார்மோடு வந்தார். மேசையைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து போர்வைக்குள்ளும் பார்த்தார். "என்னடா, டெப்போ மாதிரி இருக்கு?" என்றார். ஓவியா விஷயத்தைச் சொன்னாள். பஸ் உள்ளே போனால் திரும்பி வராது என்று தம்பி நினைக்கிறான் என்றாள்.

அண்ணன் தோளிலிருந்து தோல் பையைக் கழற்றினார். அந்தப் பையை அவர் சாப்பிடும்போதுகூடக் கழற்றிப் பார்த்ததில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். அதை முறுக்குத் தட்டில் வைத்தார். "நானே வைக்கிறேன், பாத்துக்க. இது போச்சுன்னா எனக்கு வேலை போச்சு." ஓவியா கயிற்றை இழுத்தாள். பை உள்ளே போனது. மறுபக்கம் வந்தது. அண்ணன் மேசையை இரண்டு தட்டு தட்டி, பஸ்ஸில் சொல்கிற அதே குரலில், "உள்ள போனது வெளிய வந்தாச்சு, போலாம் ரைட்" என்றார்.

நித்திலன் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தான். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தான். அப்புறம் பச்சை பஸ்ஸைத் தட்டில் வைத்தான். ஒரு விரலை மட்டும் எடுக்கவில்லை. விரலோடு சேர்ந்து கையும் போர்வைக்குள் போனது. ஆனாலும் வைத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்குப் பதினொரு முறை. விரலையும் எடுத்துவிட்டான். பஸ் உள்ளே போகிறது, வருகிறது, அண்ணன் மேசையைத் தட்டி ரைட் சொல்கிறார், இவன் கையைத் தூக்கிக்கொண்டு சட்டத்தைத் தாண்டி வருகிறான். ரைட் சொல்லும்வரை கல்லு மாதிரி நிற்கிறான். என்ன ஒழுங்கு பாருங்கள் என்று மஸ்கட்டுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று பொருள் போதும், ஆள் போகட்டும் என்று வாசலில் சேலையைத் திரையாகக் கட்டினேன். விமான நிலையக் கதவு என்று வைத்துக்கொண்டோம். ஓவியா முதலில் உள்ளே போக வேண்டும், பிறகு நித்திலன். அவள் திரைக்குப் பின்னால் போனதும் அவன் போட்ட அலறலில் லைன் வீடு முழுக்க வெளியே வந்துவிட்டது. திரையைப் பிய்த்து இழுத்தான். என் நல்ல சேலை, கரை கிழிந்துவிட்டது.

அவனைத் தூங்க வைத்த பிறகு ஓவியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அவனுக்கு மெஷின் பயமில்ல."

"பின்ன?"

"அப்பா கிளம்புன அன்னைக்கு நீதான சொன்ன? அப்பா உள்ள மிட்டாய் வாங்கப் போயிருக்காக, இந்தா வந்துருவாகன்னு. இவன் கண்ணாடியில மூக்க வச்சிக்கிட்டே நின்னான்மா. கார்ல ஏத்துனப்பகூட, அப்பா இன்னும் வரலன்னு சொல்லிக்கிட்டே வந்தான்."

சின்னப் பிள்ளை, எதையாவது கற்பனை பண்ணிக்கொள்வாள். அப்போது அவனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, என்ன நினைவிருக்கும். எனக்குத் துணி மடிக்கும் வேலை இருந்தது, எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 11, புதன்

ஒத்திகை இல்லை. தலைவலி.

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவன் தரையில் பஸ்ஸை உருட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். "நித்தி, அன்னைக்கு அப்பா மிட்டாய் வாங்கப் போகல. அம்மா பொய் சொன்னேன்" என்றேன்.

அவன் உருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும். மிட்டாய் வாங்க இவ்வளவு நேரம் ஆகாது" என்றான்.

இரண்டே கால் வருஷமாக அவன் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நான் அவன் பிடிவாதத்தைப் பற்றிப் போனில் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா பிளேன் ஏறி வேலைக்குப் போனார், அந்தக் கதவு வழியாகத் திரும்பி வர முடியாது, அதனால்தான் நாம் போகிறோம் என்று சொன்னேன்.

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

பூங்கா இருக்கு, ஐஸ்கிரீம் இருக்கு என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "எனக்கும் தெரியாதுடா. நானும் பிளேன் ஏறுனதில்ல."

"உனக்கும் பயமா?"

ஆமாம் என்றேன். அதை இங்கே எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன். பிளேன் மட்டும் இல்லை. புது ஊர், ஒரு அறை வீடு, இத்தனை நாள் போனில் மட்டும் பேசிய மனிதர், நானும் மாறித்தான் போயிருக்கிறேன்.

"அப்ப நீயும் ஏதாச்சும் வை" என்றான் நித்திலன். என் வளையல்களைக் கழற்றித் தட்டில் வைத்தேன். அவனே கயிற்றை இழுத்தான். மறுபக்கம் வந்ததும் ஓவியா மேசையைத் தட்டி ரைட் சொன்னாள். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. "அக்கா பாசஞ்சர். கண்டக்டர்தான் சொல்லணும்." சாயங்காலம் சவரிமுத்து அண்ணன் வந்து ரைட் சொல்லும்வரை என் வளையல்கள் தட்டிலேயே கிடந்தன. வெறும் கையோடு சமைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய பேப்பர் கடையில் கொக்கித் தராசு வாங்கி வந்து பெட்டிகளை எடை பார்த்தேன். வடகத்தைக் குறைத்தேன். பருப்புப் பொடியைக் குறைக்க மனசில்லை, என் இரண்டு சேலையை எடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முதுகுப் பை. அதில் மாற்று உடுப்பு ஒன்று, பிஸ்கட், காலிப் பாட்டில், ஈரத் துணி. லேஸ் கட்டுகிற ஷூ வேண்டாம், மாட்டிக் கழற்றுகிற செருப்பு போதும். போன தடவை என் கைப்பையில் மூன்று பேர் சாமானையும் திணித்துக்கொண்டு போனேன். வாந்தியைத் துடைக்கத் துணி தேடி முழுப் பையையும் கொட்ட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. விமான நிலையத்தில் கண்டக்டருக்கு எங்கே போவது?

அண்ணனிடம் சொன்னேன். ரைட் இல்லாமல் நடத்திப் பார்த்தோம். மூன்று முறையும் நித்திலன் சட்டத்துக்கு முன்னால் நின்றது நின்றபடி இருந்தான். ஒழுங்கு என்று நான் வீடியோ எடுத்து அனுப்பிய அதே நிற்றல்.

"இதுக்குப் போயி ஏன் கவலப்படுற? நீ சொல்லு" என்றார் அண்ணன்.

"எனக்கு வராதுண்ணே."

"வராதுதான். எறங்கணும்னு சத்தம் குடுக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, என் வண்டியில ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கி நடந்த ஆளுல்ல நீ."

அது மூன்று வருஷத்துக்கு முந்திய கதை, இன்னும் விடமாட்டேன் என்கிறார். இந்த டைரியில் நான் எவ்வளவு வாய் பேசுகிறேன். நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. மருந்துக் கடையிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை அடுத்த சீட்டுப் பெண்ணுக்குத்தான்.

ஜூன் 17, செவ்வாய்

குக்கர் சத்தம் வரும்போது சமையலறையில் ரைட் சொல்லிப் பார்த்தேன். ஓவியா எட்டிப் பார்த்து, "என்னம்மா மந்திரம் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 18, புதன்

நாளை அண்ணனுக்கு முதல் டிரிப் டூட்டி, வழியனுப்ப வர முடியாது. அதனால் இன்று மாலையே வந்தார். நித்திலனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக்கொண்டார். தோல் பையைக் கழற்றி என் தோளில் குறுக்கே மாட்டினார். கனமாக இருந்தது, வியர்வையும் பழைய சில்லறையும் கலந்த வாடை.

"நல்லாப் பாத்துக்க. நாளையிலேர்ந்து இந்த ரூட்டுக்கு நான் இல்ல. உங்க அம்மாதான் கண்டக்டர்."

நித்திலன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. "அம்மாவுக்குச் சத்தம் வராது" என்றான்.

நான் சொன்னேன். "கேக்கல" என்றான். இன்னொரு முறை சொன்னேன். "டிரைவருக்குக் கேக்கணும்ல" என்று அண்ணனும் அவனோடு சேர்ந்துகொண்டார். மூன்றாவது முறை எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. அண்ணன் பையை வாங்கி மாட்டிக்கொண்டார். "வேணுங்கிறப்ப வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இண்டக்‌ஷன் அடுப்பைத் துடைத்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். மேசையைப் பிரிக்க வேண்டாம் என்று நித்திலன் சொல்லிவிட்டான். போர்வையோடு அப்படியே நிற்கிறது.

ஜூன் 19, வியாழன். விமானத்துக்குள்

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

வாசல் கதவில் ஓவியாவை முன்னால் விடவில்லை. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் நுழைந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் நித்திலன் நின்று திரும்பி வெளியே பார்த்தான். "இங்கேர்ந்து வெளிய தெரியுதும்மா" என்றான். அப்பாவுக்கும் அன்றைக்கு நாம் தெரிந்திருப்போம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு நடந்தான்.

சோதிக்கும் இடம். ஓவியா முதலில் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். பைகள் போயின. என் வளையல்களை அவன் பார்க்கும்படி ட்ரேயில் வைத்தேன். பக்கத்தில் அவன் பச்சை பஸ்ஸை வைத்தான், விரலை எடுத்தான். ட்ரே ரப்பர் திரைக்குள் போனது. அப்போது பார்த்து மெஷின் நின்றுவிட்டது. யாருடைய பெட்டியிலோ எண்ணெய்ப் பாட்டிலாம். உள்ளே பஸ் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் மேல் உதடு வியர்த்தது. அழவில்லை.

பெல்ட் நகர்ந்தது. பஸ் வெளியே வந்தது. ஓவியா அதைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் நகரவில்லை.

காவல் சீருடையில் இருந்த பெண் இந்திக்காரர். "ஆஜா பேட்டா" என்று சிரித்துக் கூப்பிட்டார். அவன் என்னைப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் நீள வரிசை, அத்தனையும் அறந்தாங்கி, ஆலங்குடி பக்கத்து ஆண்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள். நான் குனிந்து அவன் காதில் ரைட் என்றேன். "கேக்கல" என்றான். அந்தப் பெண்ணின் சிரிப்பு குறைந்தது. பின்னால் யாரோ என்னாச்சு என்று கேட்டார்கள். போன மாதம் அவன் கட்டிப் பிடித்த தூண் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. அவன் கண் அதன் மேல் போவதைப் பார்த்தேன்.

காலி ட்ரேக்கள் அடுக்கி இருந்தன. அதில் இரண்டு தட்டு தட்டினேன்.

"உள்ள போனது வெளிய வந்தாச்சு, போலாம் ரைட்."

அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். கூரை வரை போயிருக்கும். பிறகு வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர், "ரைட் ரைட்" என்று பதில் கொடுத்தார். இன்னும் நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. நித்திலன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சட்டத்தைத் தாண்டினான். சீருடைப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைச் சோதிக்கும்போது, "க்யா போலா?" என்று கேட்டார். எனக்கு இந்தி தெரியாது, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

எனக்குப் பின்னால் வந்தவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எம் பொண்ணுகிட்ட கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேங்க." போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். நான் யாருக்கு யோசனை சொல்லும் நிலையில் இருக்கிறேன், ஆனாலும் சொன்னேன்.

இப்போது இரண்டு பேரும் தூங்குகிறார்கள். ஜன்னலில் வெறும் வெள்ளை. மே 22 அன்று கதவு மூடியதும் எனக்கு மூச்சு லேசானது களைப்பினால் இல்லை. அன்றைக்கு நானும்தான் தூணைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று விட்டுவிட்டேன்.

ஜூன் 19, மஸ்கட்

வெளியே வரும் கதவு தானாகத் திறந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் அவர் நின்றிருந்தார். மெலிந்திருக்கிறார். காதோரம் நரைத்திருக்கிறது, போனில் அது தெரிந்ததே இல்லை. ஓவியா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றேன். என்ன பேசுவது என்று நான்கு வாரமாக யோசித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கும் வரவில்லை போலிருக்கிறது. "சாப்டீங்களா" என்றார்.

நித்திலன் அவரிடம் போகவில்லை. இரண்டடி தள்ளி நின்று அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். சட்டைப் பையைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான். அன்றைக்குக் கண்டக்டர் பையைத் திறந்து பார்த்த மாதிரி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

இவன் தள்ளுவண்டியை இரண்டு தட்டு தட்டினான்.

"உள்ள போனது வெளிய வந்தாச்சு" என்று சொல்லி நிறுத்திவிட்டான்.

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "போலாமாடா?" என்று அவனைக் கேட்டார்.

"இருங்கப்பா. கண்டக்டர் சொல்லணும்."

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுற்றிலும் தெரியாத முகங்கள், தெரியாத பாஷை. நான் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"போலாம் ரைட்."